பதின்மூன்றாம் பாகை

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் உட்கார்ந்து போனால் அன்றைய நாள் சுமுகமாகப் போகும் என்று எனக்கு ஒரு நினைப்பு. இன்று அது பொய்த்தது.

பதினோரு மணிக்கு ரேணுகா என் மேசைக்கு வந்தாள். டெஸ்டிங் பிரிவில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது, ஆனால் எதையும் விடமாட்டாள். இரண்டு நிரல்கள் ஒரே எண்களை ஒரே சமயத்தில் தொடும் பிழையை, டேட்டா ரேஸை, பிடிக்கும் கருவியை நாங்கள் செய்யும் படகுப் பெட்டியின் அடிப்படை நிரலான கெர்னலில் சனி, ஞாயிறு முழுக்க ஓடவிட்டிருக்கிறாள்.

"அக்கா, இருநூத்திப் பதினாலு ரிப்போர்ட் வந்துருக்கு. முக்கால்வாசி ஒன்னுமில்லாதது. முப்பத்தேழாவத மட்டும் பாருங்களேன்."

பார்த்தேன். மூன்று வருடம் முன்பு நான் எழுதிய டிரைவர், ஜிபிஎஸ் எண்களை வாங்கி வைக்கும் நிரல். மேலே என் பெயர், ஜாய்ஸ். நடுவில் நானே எழுதி வைத்த குறிப்பு: 'இங்கே லாக் தேவையில்லை.' ஒரு நிரல் எழுதும்போது இன்னொன்று தொடாமல் தடுக்கும் பூட்டுதான் லாக்.

மதியம் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 10, புதன்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். சில பயங்கள் எழுதினால் சின்னதாகிவிடும்.

எங்கள் பெட்டி மீன்பிடிப் படகுகளுக்கானது. ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். படகு இருக்கும் இடம் சேட்டிலைட் வழியாகக் கரையிலுள்ள மீட்பு அறைக்குப் போகும். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு படகுகளில் இருக்கிறது.

இடம் என்பது பாகை, நிமிடம் என்று இரண்டு எண்கள். அறுபது நிமிடம் சேர்ந்தால் ஒரு பாகை, கடிகாரத்தில் வருகிற மாதிரி. ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு முறை புது எண்களைத் தருகிறது. என் நிரல் முதலில் பாகையை எழுதும், அப்புறம் நிமிடத்தை எழுதும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துளி நேரத்தில், அனுப்புகிற நிரல் வந்து வாசித்துவிட்டால்? புதுப் பாகை, பழைய நிமிடம்.

எப்போதும் கேடில்லை. பாகை மாறுவதே அபூர்வம். ஆனால் ஒரு படகு பன்னிரண்டு பாகை ஐம்பத்தொன்பது நிமிடத்திலிருந்து பதின்மூன்றாம் பாகைக்குள் நுழைகிற அந்த நொடியில் இது நடந்தால், பதின்மூன்று பாகை ஐம்பத்தொன்பது நிமிடம் என்று போய்விடும். நூற்றுப் பத்து கிலோமீட்டர் வடக்கே. ஆந்திரக் கடல்.

பதின்மூன்றாம் பாகை பெசன்ட் நகருக்கு நேரே போகிறது. இந்தப் பக்கத்துப் படகுகள் அவ்வளவு தூரம் போகுமா? போகும் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஏன் கேட்டுக்கொள்கிறேன்?

சின்னதாகவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மீட்டிங். ஜானகிராமன் சார், ரேணுகா, நான். சார்தான் எங்கள் தலைமைப் பொறியாளர். பெட்டிக்கு வாங்கிய சர்டிஃபிகேட்டில் அவர் கையெழுத்துதான் இருக்கிறது.

"ரெண்டு கோடியில ஒரு சான்ஸும்மா. கோட்டு மேல இருக்கணும், அந்த நொடியா இருக்கணும், அப்பத்தான் அவன் பட்டன அமுக்கணும். அப்படியே தப்பா போனாலும் ரெண்டு நிமிஷத்துல அடுத்த மெசேஜ் சரியா போயிடும். இது ஒன்னும் பண்ணாத ரேஸ்."

ரேணுகா, "அடுத்த மெசேஜுக்குள்ள பெட்டி முழுகிட்டா சார்?" என்றாள். பாகையை எழுதும் வரிக்கும் நிமிடத்தை எழுதும் வரிக்கும் நடுவில் சிறு தாமதம் வைத்து, தப்பான இடம் வருவதைக் காட்டவும் செய்தாள்.

"தாமதத்த வெச்சது நீ. அப்போ அந்தத் தப்ப உண்டாக்கினதும் நீதான்" என்றார் சார். கோபமாக இல்லை. "கெர்னல்ல கை வெச்சா எல்லா சோதனையும் முதல்லேருந்து. அறுநூறு பெட்டியையும் கழட்டணும். மழைக்காலம் வருது. கழட்டின நாள்ல ஒருத்தன் பெட்டி இல்லாம கடலுக்குப் போனா? லாக் போடப் போய், அது சிக்கி, பெட்டியே நின்னுட்டா? தப்பான இடம்கூடப் போகாதேம்மா."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

"எழுதினது நீதானே ஜாய்ஸ். நீ என்ன சொல்றே?"

"பரவால்ல சார். ஒன்னும் ஆகாது."

ரேணுகா என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமைக்குள் ஒரு குறிப்புத் தர வேண்டும்: 'மூன்று ஆண்டுகளில் தவறான இடம் காட்டிய நிகழ்வு எதுவும் இல்லை.' அதற்காகப் பழைய ஆபத்துச் செய்திகளை ஒரு முறை பார்த்துவிடச் சொன்னார்.

செப்டம்பர் 13, சனி

குழம்பில் உப்பே இல்லை என்று என் கணவர் ஆல்வின் இரண்டு முறை சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

அலுவலகக் கழிவறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மொத்தம் நாற்பத்தொரு செய்திகள். முப்பது பார்க்கும்வரை எல்லாம் சரி. எனக்குப் பாட்டுகூட வந்தது.

முப்பத்தொன்று. இந்த வருடம் ஜனவரி 21, காலை 9.41. பதின்மூன்று பாகை, 59.99 நிமிடம்.

ஐம்பத்தொன்பது. ஐயோ, ஐம்பத்தொன்பது.

ஒருவேளை உண்மையிலேயே அங்கே போயிருக்கலாமே? பெட்டி ஆபத்து இல்லாதபோதும் மணிக்கொரு தரம் தன் இடத்தைச் சொல்லும். அந்தப் பதிவுகள் எங்கள் சர்வருக்கு மட்டும்தான் வரும், மீட்பு அறைக்குப் போகாது. எடுத்துப் பார்த்தேன். காலை 9.06க்குப் பன்னிரண்டு பாகை 58 நிமிடத்தில் இருந்திருக்கிறது. முப்பத்தைந்து நிமிடத்தில் நூற்றுப் பத்து கிலோமீட்டர். எந்தப் படகு ஓடும்?

இரண்டு பதிவுகளையும் இதுவரை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

9.41க்குப் பிறகு செய்தி இல்லை. ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது.

படகு அருணகிரி என்பவருடையது, திருவிடந்தை. தனியாகப் போயிருக்கிறார். கோப்பின் கடைசிப் பக்கத்தில்: ஆந்திரக் கடலில் இரண்டு நாள் தேடல். படகும் ஆளும் கிடைக்கவில்லை. 'குடும்பத்தை விட்டுத் தானாகவே சென்றுவிட்டதாக ஊரார் கருதுகின்றனர்.'

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காய்ச்சல் என்று சொல்லி லீவு. போன் அடிக்கும்போதெல்லாம் போலீஸ் என்று தோன்றுகிறது. கூரியர்காரன்.

நான் கொன்னுட்டேனா? இல்ல. கடல். படகு. என்ன ஆச்சோ யாருக்குத் தெரியும். ஆனா அவரு பட்டன அமுக்கினாரே. அமுக்கிட்டு, வருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பாரே.

செப்டம்பர் 17, புதன்

ஆல்வினிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். முழுதும் கேட்டார்.

"எங்க லேப்ல குப்பி மாறிப்போச்சுன்னு தெரிஞ்சா, நான் மொதல்ல யாருக்குப் போன் போடுவேன் தெரியுமா? ரத்தம் குடுத்தவங்களுக்கு. அப்புறம்தான் டாக்டருக்கு."

"வேலை போயிடும். கேஸ் போடுவாங்க."

"போடலாம்" என்றார். போட மாட்டார்கள் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு, "மொதல்ல அது நிஜமா நடக்குதான்னு நீயே பாத்துடு. தாமதமெல்லாம் வைக்காம" என்றார்.

செப்டம்பர் 20, சனி

ரேணுகாவின் சோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் பாகை கடலில் இருக்கிறது. ஆனால் கிழக்கு மேற்காக எண்ணினால் எண்பதாம் பாகை இங்கேயே, பரனூர் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு முன்னால் ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பதினோரு வருடமாகத் தினமும் ரயிலில் அதைத் தாண்டியிருக்கிறேன், தெரியாமலே.

கோட்டுக்கு நேரே ஒரு டீக்கடை. நானும் ஆல்வினும் பெட்டியை பெஞ்சில் வைத்தோம். ஜிபிஎஸ் ஒரே இடத்தில் இருந்தாலும் எண்கள் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். எழுபத்தொன்பது, எண்பது, எழுபத்தொன்பது. இஞ்சின் நின்ற படகும் கோட்டின் மேல் இப்படித்தான் ஆடியிருக்கும்.

பொத்தானை அழுத்துவேன், பதிவாகும், மறுபடி அழுத்துவேன். நூறு. இருநூறு. கடைக்காரர், "இன்னா சார், குண்டா?" என்று கேட்க, ஆல்வின் சிரித்துச் சமாளித்தார். முந்நூறு தாண்டியதும் எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. வராது, சார் சொன்னது சரிதான், கோப்பில் இருப்பது வேறு ஏதோ கோளாறு, ஆண்டவரே அப்படியே இருக்கட்டும்.

முந்நூற்று நாற்பத்தாறாவது: எண்பது பாகை, 59.99 நிமிடம்.

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம், பெட்டி எங்களை நடுக்கடலில் காட்டுகிறது.

ரெண்டு கோடியில் ஒன்று இல்லை. முந்நூற்று நாற்பத்தாறில் ஒன்று. ஏன் என்று அங்கேயே புரிந்தது. பொத்தானை அழுத்தியவுடன் செய்தி கிளம்புவதில்லை. அடுத்த நொடி பிறப்பதற்காகக் காத்திருக்கும். ஜிபிஎஸ் புது எண்ணை எழுதுவதும் அதே நொடி பிறக்கும்போதுதான். எழுதுகிறவனும் வாசிக்கிறவனும் ஒரே மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடிவருகிறார்கள். அப்படி ஓடிவர வைத்தது நான்.

ஆல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

அவர் கேட்ட குறிப்புக்குப் பதிலாக, சார் அறையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 9.06. 9.41. அப்புறம் டீக்கடைப் பதிவு.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு முதல் தாளிலிருந்து படித்தார். அவருக்கும் பயம் வந்ததைப் பார்த்தேன். அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

"ரிப்பேர் பண்ணிடலாம். நாளைக்கே ஆரம்பிங்க, நீயும் ரேணுகாவும். நான் கையெழுத்துப் போடறேன்." 9.41 தாளை மட்டும் தள்ளி வைத்தார். "ஆனா இந்த முப்பத்தொன்னாவத... இது எதுக்கும்மா இப்போ? அந்த மனுஷன் திரும்பி வரப்போறதில்ல. நோண்டினா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். எதற்குத் தலையாட்டினேன்?

செப்டம்பர் 24, புதன்

திருத்தம் பதினோரு வரிதான். எழுதுவதற்கு முன் ஒரு எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், எழுதி முடித்ததும் மறுபடி ஒன்றைக் கூட்ட வேண்டும். வாசிக்கிற நிரல் அந்த எண்ணை முன்னும் பின்னும் பார்க்கும். மாறியிருந்தால் திரும்ப வாசிக்கும். சிக்கி நின்றுவிடக் கூடாது என்று மூன்று தடவையோடு நிறுத்திவிடும். லாக்கே இல்லை. மூன்று வருடம் முன்பு எழுதியிருந்தால் ஒரு மதியம் ஆகியிருக்கும்.

செப்டம்பர் 26, வெள்ளி

'ஊரார் கருதுகின்றனர்.' அவருக்கு மனைவி இருக்கிறாள். கோப்பில் பெயர் இருந்தது, வேண்டா. எட்டு மாதமாக ஓடிப்போனவன் பெண்டாட்டி.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. ஆல்வினோடு வண்டியில் திருவிடந்தை. வழி முழுக்கத் திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். திருப்போரூரில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன்.

வீட்டைக் கேட்டபோது ஒரு பெண், "எது, ஆந்திராக்காரன் வூடா?" என்றாள்.

வேண்டாவுக்கு என் வயதுதான் இருக்கும். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் பூபாலன் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அருணகிரியோடு எப்போதும் கடலுக்குப் போகிறவர் அவர்தானாம். அன்றைக்கு மட்டும் காய்ச்சல்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று தோன்றியது.

"அக்கா, அவரு பட்டன அமுக்கினது ஆந்திராவுல இல்ல. பெசன்ட் நகருக்கு நேரா. பெட்டி தப்பான இடத்தச் சொல்லிடுச்சு. அதனாலதான் எல்லாரும் வேற இடத்துல தேடினாங்க. பெட்டியில அத எழுதினது நான்தான்."

பூபாலனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வலையை வீசி எறிந்துவிட்டு எழுந்தார்.

"இன்னாம்மா சொல்ற நீ? எட்டு மாசமா எம் மச்சான ஓடிப்போனவன்னு ஊரே பேசிகினு கீது! நானே பேசினேன்! கள்ளு குடிச்சிட்டு வாய்க்கு வந்தபடி நானே திட்டினேன் அந்த மனுசன! இப்போ வந்து பொட்டி தப்புன்றியா?"

கை ஓங்கினார். ஆல்வின் குறுக்கே வந்தார். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"அண்ணே, சும்மா இரு" என்றாள் வேண்டா. கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்போ அவரு ஆந்திராவுக்குப் போவல?"

"போகலக்கா."

"வேற பொம்பள, அது இதுன்னு சொன்னதெல்லாம்?"

"எதுவும் இல்லக்கா. எப்பவும் போற இடத்துக்குத்தான் போயிருக்காரு."

அவள் முகம் தெளியும் என்று நினைத்திருந்தேன். வழி முழுக்க, பயத்துக்கு நடுவிலும், அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அப்போ வரமாட்டாரு" என்றாள்.

கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"ஓடிப்பூட்டாருன்னு சொன்னப்போ எல்லாரும் எனக்காவ அழுதாங்க. நான் அழுவல. ஓடிப்பூட்டாருன்னா எங்கியோ சோறு துன்னுகினு கீறாருன்னுதானே அர்த்தம். என்னிக்காவது சண்ட போட்டுகினு திரும்பி வருவாருன்னு கெடந்தேன்." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள். "நீ போம்மா. இப்போ போ."

செப்டம்பர் 29, திங்கள்

எல்லாப் பதிவுகளையும் வைத்து மீட்பு அறைக்குக் கடிதம் அனுப்பினேன். நகல் ஜானகிராமன் சாருக்கு. அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்து நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று மாலையில் சொன்னார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

ரேணுகா போன் செய்தாள். திருத்தத்தை அவள் பெயரில் முடித்துவிட்டாளாம். சோதனைப் பெட்டியோடு அதே டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து பதினெட்டாயிரம் முறை அழுத்தியிருக்கிறாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

"அக்கா, அன்னிக்கு மீட்டிங்ல உங்க மேல ரொம்பக் கோவம் எனக்கு."

"தெரியும்."

"இப்போ இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கனவில் பொத்தான்.

நவம்பர் 3, திங்கள்

விசாரணை. நாலு பேர் மேசைக்கு அந்தப் பக்கம். 'லாக் தேவையில்லை என்று எதன் அடிப்படையில் எழுதினீர்கள்?' அடிப்படை எதுவும் இல்லை என்றேன். உறுதியாகத் தோன்றியது, எழுதினேன்.

ஜானகிராமன் சார் எனக்குப் பிறகு உள்ளே போனார். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது தானே என்றும், பழைய சம்பவத்தை விட்டுவிடச் சொன்னதும் தானே என்றும் சொன்னாராம். வெளியே வந்தபோது என் தோளைத் தொட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டார். அவர் வேலையை விட்டுப் போகிறார் என்று சொல்கிறார்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

என்னை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கெர்னல் பக்கம் இல்லை. பெட்டி மாற்றும் குழுவில். தினமும் ஒரு குப்பம். ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று முடிந்தது. பத்தொன்பது பெட்டிகள் யாரிடம் இருக்கின்றன என்றே தெரியவில்லை. மழை பெய்தால் அந்தப் பத்தொன்பதும் ஞாபகத்துக்கு வருகின்றன.

டிசம்பர் 19, வெள்ளி

இன்னும் நாலு பாக்கி.

2026 ஜனவரி 17, சனி

தெரியாத எண். எடுத்தால் பூபாலன். அருணகிரி கடலில் இறந்ததாகத் தாள் வந்துவிட்டதாம். "புதங்கெழம வருசம் ஆவுது. வேண்டா ஒன்ன இட்டாரச் சொல்லுது. எடத்த நீதான் காட்டணுமாம்."

எனக்குக் கடல் பயம். நீச்சல் தெரியாது. "வர்றேண்ணே" என்றேன்.

ஜனவரி 21, புதன்

காலையில் திருவிடந்தையிலிருந்து பூபாலனின் படகு. வேண்டா, பூபாலன், நான். மிதவைச் சட்டையை இரண்டு முறை இழுத்து இறுக்கிக்கொண்டேன். அலையைத் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் பெட்டியின் திரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு பாகை 51. 54. 58. வேண்டா மடியில் ஒரு துணிப்பையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பதின்மூன்று பாகை, பூச்சியம். கிழக்கே, அன்றைய செய்தியில் இருந்த அதே எண்பது பாகை 21. சரியாக மாறியது.

"இங்கதான்" என்றேன்.

பூபாலன் இஞ்சினை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு அமைதி. தண்ணீர் படகைத் தட்டும் சத்தம் மட்டும்.

வேண்டா தண்ணீரைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று மேற்கே திரும்பினாள். வெயிலில் கட்டடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. ஒரு மாடியில் கண்ணாடி மின்னியது.

"கர தெரியுதே" என்றாள்.

கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அண்ணே, கர தெரியுதே. இவ்ளோ கிட்டயா இருந்தாரு?"

பூபாலன் இஞ்சின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகு ஆடியது. நான் மெதுவாக நகர்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். தள்ளி உட்காரவில்லை. பையைப் பிரித்து, கொண்டுவந்திருந்த பூவில் பாதியை எடுத்து என் கையில் வைத்தாள்.